எண்பத்தொன்பது வாக்கியங்கள்

காலை ஏழே முக்காலுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டபோது திரையில் ஆப்பிள் சின்னம் மட்டும் வந்து நின்றது. அதன் கீழே ஒரு வெள்ளைக் கோடு பாதி தூரம் ஓடி, சண்டி மாடு மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. வீட்டிலிருந்த மூன்று பேரும் பத்து நிமிடம் அதையே பார்த்தார்கள். கோடு நகரவில்லை.

அவர்களில் ஒருவரான ரேடியோ, அன்று மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மறுநாள் காலை அவருடைய குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள்.

ரேடியோ என்பது ஊர் வைத்த பெயர். அவர் லிஃப்ட் மெக்கானிக். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும்வரை வெளியே நின்று விடாமல் பேசிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவர்களுக்கு மாட்டிக்கொண்ட பயம் போய், இந்த ஆள் எப்போது வாயை மூடுவார் என்ற கவலை வந்துவிடும். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் தொண்டையில் புற்று வந்தது.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒரு வழி சொல்லியிருந்தார். ஒரு மென்பொருளில் அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துவிட்டால், பின்னால் அவர் போனில் எழுதுவதையெல்லாம் அவருடைய குரலிலேயே அது பேசும். ஐந்நூற்றுப் பதினொன்று முடிந்திருந்தது. பாக்கி எண்பத்தொன்பது. காலையில் மட்டும்தான் குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கும். பன்னிரண்டு தாண்டினால் தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்தான். அதனால் பதிவு நேரம் தவிர வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்திருந்தாள் மனைவி.

அவர் நோட்டில் எழுதி நீட்டினார். கோழி கிளறின மாதிரி எழுத்து. பாடப்புத்தக அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறவள் என்பதால் அவளால் படிக்க முடிந்தது. 'அப்டேட் கொடுத்தது யார்?'

உதவிக்கென்று வந்திருந்த நாத்தனார் முந்தானையைத் திருகினாள். "நேத்து சாயங்காலம் தூசி தட்டும்போது மூலையில ஒரு பெட்டி வந்துச்சு அண்ணி. வேண்டாம்னு மூடினா மறுபடி வந்து கேட்டுச்சு. நாலு தரம் கேட்டுச்சு. சரி, பாவம்னு அழுத்திட்டேன்."

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டார்.

அது கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் அல்ல. ஏழு மாதம் பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்து அவரே பூட்டியது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டும் ஓட வேண்டிய அமைப்பைச் சாதாரண பாகங்களின் மேல் ஓட வைத்திருந்தார். ஹாக்கின்டோஷ் என்பார்கள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னாங்க இல்ல, அதுதான் இது" என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவார். "ஆன் பண்ணினதும் ஒரு சின்ன ஃபோல்டர் முதல்ல எழுந்து, இது அந்தக் கம்பெனி போர்டு, இது அந்தக் கம்பெனி கார்டுன்னு வரிசையாப் பொய் சொல்லும். மாப்பிள்ளை நம்பிட்டார்னா வேலை முடிஞ்சுது." நேற்றைய அப்டேட்டோடு மாப்பிள்ளை விழித்துக்கொண்டார். பழைய பொய்கள் செல்லவில்லை.

மனைவி பயிற்சி அம்மாளுக்குப் போன் போட்டாள். வேறு கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாமா என்று கேட்டாள்.

"பழைய பதிவெல்லாம் அந்த மெஷினோட சீரியல் நம்பர்ல பூட்டியிருக்குங்க. கம்பெனிதான் மாத்தித் தரணும், ரெண்டு நாள் ஆகும். அப்புறம் அதே மைக், அதே ரூமா இருந்தாத்தான் குரல் ஒட்டும். இல்லேன்னா ரெண்டு ஆள் பேசற மாதிரி வரும்."

இரண்டு நாளில் அவருக்குக் குரலே இருக்காது. அவள் போனை வைத்தாள்.

ரேடியோ இணையக் குழு ஒன்றில் பழகிய ஒருவருக்குச் செய்தி அனுப்பியிருந்தார். 'தவளை' என்ற பெயரில் உலவுகிறவர். முகம் தெரியாது, ஊர் தெரியாது. அவரிடமும் கிட்டத்தட்ட இதே மாதிரி மெஷின். ஒன்பதேகாலுக்குத் தவளை தன்னுடைய ஃபோல்டரை அனுப்பினார். புது அப்டேட்டில் ஓடுகிறதாம். மனைவியின் ஆபீஸ் லேப்டாப்பில் அதை இறக்கி, பென்டிரைவில் போட்டு, மெஷினில் சொருகி ஆன் செய்தார் ரேடியோ.

கோடு கடைசிவரை ஓடியது. திரை வெளுத்தது. முகப்பு வந்தது.

"வந்துடுச்சு!" என்று நாத்தனார் அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அதே வேகத்தில் மௌஸைப் பிடித்துப் பதிவு மென்பொருளைத் திறந்தாள். ஒரு பெட்டி எழுந்தது. 'இது புதிய கணினி. பதிவு செய்தால் முந்தைய தரவு நீக்கப்படும்.' கீழே 'சரி' என்று நீலப் பொத்தான்.

"கையை எடு!" என்று மனைவி போட்ட சத்தத்தில் நாத்தனார் மௌஸையே கீழே போட்டுவிட்டாள். அது ஒயரில் தொங்கி ஆடியது.

ரேடியோவின் நெற்றியெல்லாம் வேர்வை. தவளையின் ஃபோல்டரில் தவளையின் சீரியல் நம்பர். மென்பொருளுக்கு இது யாரோ ஒருவருடைய மெஷின். அவர் எழுதினார்: 'என் நம்பரை அதில் மாற்ற வேண்டும். பழைய ஃபோல்டர் நகல் இருக்கிறது.'

லேப்டாப்பில் உட்கார்ந்து, ஃபோல்டருக்குள் இருந்த ஃபைலைத் திறந்து அவரே மாற்றினார். மருந்தால் விரல் நடுங்கியது. ஆன் செய்தால், இந்த முறை சின்னம்கூட வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத்து, அதோடு சரி. மறுபடி திறந்து பார்த்தார், எங்கேயோ தட்டினார், மறுபடி ஆன் செய்தார். அதே கறுப்பு. மணி பத்தேகால்.

"எல்லாம் போச்சுடி!" என்று வாய்விட்டே கத்திவிட்டார். கத்தின கையோடு இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது.

அவள் முதுகைத் தடவி, வெந்நீர் கொடுத்து, இருமல் அடங்கும்வரை நின்றாள். பிறகு கேட்டாள்.

"அந்த ஃபைல்ல இருக்கறது வெறும் எழுத்துதானே?"

அவர் தலையாட்டினார்.

"தவளை அனுப்பினது ஒண்ணு. நீங்க மாத்தினது ஒண்ணு. எதை மாத்தணும்னு மட்டும் எழுதிக் கொடுங்க. மீதியை நான் பார்க்கறேன்."

அவர் நம்பாமல் பார்த்தார். ஆனாலும் எழுதினார்: 'மூன்று இடம். சீரியல், போர்டு எண், அடையாள எண். வேறு எதுவும் மாறக் கூடாது.' கீழே அந்த மூன்று எண்களையும் பழைய நகலைப் பார்த்து எழுதினார்.

அவள் இரண்டு ஃபைலையும் பிரிண்ட் எடுத்தாள். ஒவ்வொன்றும் இருபத்திரண்டு பக்கம். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஸ்கேலும் சிவப்புப் பென்சிலும் எடுத்து வைத்து, நாத்தனாரை எதிரே உட்கார வைத்தாள்.

"நீ படி. ஒரு எழுத்து விடாம, புள்ளி, கோடு, அடைப்புக்குறி எல்லாத்தையும் சேர்த்துப் படி. உனக்குப் புரிய வேண்டாம்."

"புரியவே புரியாது அண்ணி, அதுக்குப் பயப்படாதீங்க."

அச்சகத்தில் மூலப்படியை ஒருவர் வாசிக்க, அச்சுப்படியை ஒருவர் பார்ப்பது அவளுக்குத் தினமும் நடக்கும் வேலை. நாத்தனார் படிக்கப் படிக்க, ஸ்கேல் வரி வரியாக இறங்கியது. அர்த்தம் தெரியாததே ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அர்த்தம் தெரிந்தால் கண் தாவிவிடும். ரேடியோ சுவரோரம் நின்று கடிகாரத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் நிற்கிற அறையில் வேறு இரண்டு பேர் பேசினார்கள்.

பதினேழாம் பக்கத்தில் சீரியல் நம்பர் வந்தது. அவர் எழுதிக் கொடுத்ததோடு ஒத்துப் பார்த்தாள்; சரி. அடுத்தது போர்டு எண்.

"...அடைப்புக்குறி, சாய்கோடு, ஸ்டிரிங், அடைப்புக்குறி" என்றாள் நாத்தனார்.

"நில்லு. மறுபடி சொல்லு."

"அடைப்புக்குறி, சாய்கோடு, ஸ்டிரிங்..."

"இங்க சாய்கோடு இல்லை."

பழைய எண்ணை அழிக்கும்போது நடுங்கிய விரல் அந்தச் சின்னக் கோட்டையும் சேர்த்து அழித்திருந்தது. சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டாள். ரேடியோ லேப்டாப்புக்குப் பாய்ந்தார். அவள் விடவில்லை.

"இன்னும் அஞ்சு பக்கம் இருக்கு. ஒரு பிழை கிடைச்சா அதோட நிறுத்தறவ நான் இல்லை."

இருபதாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அடையாள எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்து. அதை விட்டிருந்தால் மெஷின் எழுந்திருக்கும், மென்பொருள் திறந்திருக்காது. இரண்டையும் அவளே திருத்தி, பென்டிரைவில் போட்டாள்.

கோடு ஓடியது. முகப்பு வந்தது. இந்த முறை நாத்தனார் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். மென்பொருள் திறந்தது. '511 / 600' என்று காட்டியது. ரேடியோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஆனால் மைக் விளக்கு எரியவில்லை.

மணி பதினொன்று பத்து. அவர் படம் போட்டு விளக்கினார். இந்த அமைப்பு பதினைந்து யூஎஸ்பி வாசலுக்கு மேல் கணக்கில் எடுக்காது. எந்தப் பதினைந்து என்பதை ஃபோல்டர் சொல்ல வேண்டும். தவளை தனக்கு வேண்டிய வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறார். நம் மைக் சொருகியிருப்பது மூடின வாசல் போல. எது திறந்தது என்று தெரியாது.

தவளைக்குச் செய்தி போயிற்று. பதில் இல்லை. வேலைக்குப் போயிருப்பார்.

"எத்தனை ஓட்டை இருக்கு?" என்று கேட்டபடியே அவள் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனாள். நாத்தனார் டார்ச் பிடித்தாள். ஒவ்வொன்றாகச் சொருகி, பத்து எண்ணி, பிடுங்கினாள். பின்பக்கத்து ஆறும் செத்துக் கிடந்தன. பக்கவாட்டில் ஒன்றில் விளக்கு எரிந்து, மூன்று நொடியில் அணைந்தது. நாத்தனார் அழுதுகொண்டே டார்ச் பிடிப்பது வெளிச்சம் ஆடியதில் தெரிந்தது.

"அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழு. எனக்கு ஓட்டை தெரியலை."

முன்பக்கத்தில் பென்டிரைவுக்குப் பக்கத்து வாசலில் சொருகினாள். விளக்கு எரிந்தது. பத்து எண்ணினாள். இருபது, முப்பது எண்ணினாள். அணையவில்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்கு ரேடியோ வாசிக்க ஆரம்பித்தார். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வாக்கியங்கள். மேசை மீது ஏழு குடைகள் இருக்கின்றன. மழை நின்றதும் பூனை வெளியே போனது. ஒவ்வொன்றையும் மென்பொருள் கேட்டு, பச்சைக் குறி போட்டால்தான் அடுத்தது வரும். அறுபது வாக்கியம் மளமளவென்று போயிற்று. ஐந்நூற்று எழுபதுக்கு மேல் சிவப்புக் குறிகள் விழத் தொடங்கின. ஒரே வாக்கியத்தை மூன்று தரம், நான்கு தரம். ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றில் குரல் முற்றிலும் அடைத்துக்கொண்டது.

அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அரை மணி சும்மா இருங்க. உங்களால முடியாத காரியம்தான், தெரியும். இருந்தாலும் இருங்க."

அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. அவள் பெட்டியில் துணி அடுக்கினாள். அடுக்கியதையே எடுத்து மறுபடி அடுக்கினாள். ஒன்றே காலுக்கு அவர் மறுபடி உட்கார்ந்தார். ஏழு வாக்கியத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு மணிக்கு அறுநூறாவதின் மேல் பச்சைக் குறி விழுந்தபோது யாரும் கத்தவில்லை. மின்விசிறியைப் போட மட்டும் நாத்தனார் எழுந்தாள். அண்ணன் கையால் தடுத்தார். சொந்தமாக நாலு வாக்கியம் சேர்க்க இடம் இருந்தது. அவர் மைக்கை இழுத்து, கிழிந்த குரலில் மனைவியின் செல்லப் பெயரைச் சொன்னார். அது அவர்கள் இருவருக்குள் மட்டும் உள்ள பெயர். நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் தயாராகி வர பதினோரு நாள் பிடித்தது. அதற்குள் நாத்தனார் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியின் போனிலிருந்து அழைப்பு வந்தது.

"சொல்லுங்க அண்ணி" என்றாள்.

"நான்தான் பேசறேன்" என்றது அண்ணன் குரல். கொஞ்சம் தட்டையாக, மூச்சு வாங்காத குரல். ஆனால் அவருடையதுதான்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "சாப்பிட்டியா அண்ணா?" என்று கேட்டாள். அவர் பதிலை எழுதி முடிக்கிறவரை போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.