கருகல் மணம்: இல்லை

மூன்று காற்றாடிகளும் சேர்ந்து சுழலத் தொடங்கியதும், சஜிதா வழக்கம்போலக் குனிந்து முகத்தை மேசையில் ஓடிக்கொண்டிருந்த கணினியின் கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். சும்மா ஒரு நடிப்புத்தான். டண்டினொங் என்ற புறநகரில் இருந்த அந்தக் கிடங்கின் கூரையில் நாலு மூலைக்கும் கமரா உண்டு. குனிந்தாள், மணந்து பார்த்தாள் என்று அதில் பதிந்தால் போதும். இரண்டு வருடத்துக்கு முன் வந்த கொரோனாக் காய்ச்சல் போகும்போது அவளுடைய மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கறிவேப்பிலை தாளித்தாலும் ஒன்றுதான், கக்கூசுக்குள் நின்றாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்ட மூக்கு அது. டொக்டர் திரும்பி வரும் என்றார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் பிறகு கேட்கப் போகவில்லை.

வாங்கியவர்கள் பழுது என்று திருப்பி அனுப்புகிற கணினிச் சாமான்களைச் சோதித்துப் பார்ப்பது அவளுடைய வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், தாளில் பதினொரு கேள்வி. பத்துக்குக் கண்ணும் காதும் திரையில் ஓடும் எண்களும் பதில் சொல்லிவிடும். பதினோராவதுதான் வில்லங்கம். கருகல் மணம், உண்டா இல்லையா? போன வருடம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது பக்கத்து மேசைப் பத்மா அன்ரியின் மூக்கு. எனக்குச் சளி அன்ரி, ஒருக்கா மணந்து பாருங்கோ என்று இவள் கூப்பிட, அந்த மனுசியும் வஞ்சகமில்லாமல் எழும்பி வந்து மணந்துவிட்டுப் போகும். வருடம் முழுக்க ஒருத்திக்குச் சளி பிடிக்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மார்கழியில் அன்ரி வேலையை விட்டுவிட்டு சிட்னியில், செவன் ஹில்ஸில் இருக்கும் மகளிடம் போய்விட்டா. அன்றிலிருந்து பதினோராவது கேள்விக்கு சஜிதா கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்றே போட்டு வந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னால் வேலை போகும் என்ற பயம்தான், வேறென்ன! படகில் வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் அவளுக்கும் புருசன் லதீஸுக்கும் கையில் இருப்பது, முடிவு வரும்வரை தங்க விடுகிற பிரிட்ஜிங் விசா. அதைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் வேலை செய்யும் அனுமதி வருமா வராதா என்று தெரியாது. லதீஸ் போன வருடம் முதுகு நோவில் வேலையை விட்டு வீட்டோடு இருந்துவிட்டான். இருக்கிற ஒரே வேலை இது. மணக்க முடியாதவளை மணக்கிற வேலைக்கு எவன் வைத்திருப்பான்?

இந்தக் கார்டு சாதாரணச் சாமானும் இல்லை. கொம்பனியே அதன் வேகத்தை வழக்கத்துக்கு மேலே கூட்டி, அந்தச் சூட்டைத் தணிக்கத் தானே ஒரு கூளரும் செய்து மாட்டி விற்கிற ரகம். இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பாரம், செங்கல் அளவில் அலுமினியத் தகடுகள், மேலே மூன்று காற்றாடி. முழு வேகத்தில் விட்டும் அறுபத்தாறு பாகைக்கு மேல் ஏறவில்லை. சத்தமும் கிடையாது. எண்களை மட்டும் பார்த்தால் தங்கமான கார்டு.

ஆனால் அதனுடன் ஒரு கடிதம் வந்திருந்தது. நகரின் அடுத்த கோடியில் இருக்கும் டார்னெய்ட்டில் இருந்து பிரவீணா என்று ஒருத்தி ஆங்கிலத்தில் கையால் எழுதியது. கணவர் வீட்டிலிருந்தே படம் வரையும் வேலை செய்கிறாராம். வீடு சின்னது, கணினி இருக்கும் அறையில்தான் குழந்தை தூங்குகிறதாம். அரை மணித்தியாலம் ஓடியபிறகு பிளாஸ்டிக் கருகுவது போல ஒரு மணம் வருகிறதாம். ஏற்கனவே ஒருமுறை அனுப்பினோம், பழுதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள், இந்தமுறை தயவுசெய்து உண்மையிலேயே ஒருவர் மணந்து பாருங்கள் என்று முடித்திருந்தாள். கடைசி வரிக்குக் கீழே கோடு வேறு. சஜிதா கார்டைத் திருப்பிப் பார்த்தாள். பழுதில்லை என்று ஒட்டுகிற போன மாதத்துப் பச்சை ஸ்டிக்கரில் இருந்தது அவளுடைய கையெழுத்துத்தான்.

இருபது நிமிடம் ஓடவிட்டால் போதும் என்பது விதி. அவள் ஒன்றரை மணித்தியாலம் ஓடவிட்டாள். திரையில் எண் அசையவில்லை. அசையாதுதான். அந்தப் பெரிய கூளர் நடுவில் இருக்கும் சிப்பைத்தான் குளிர்த்துகிறது. மின்வயர் வந்து செருகுகிற கறுப்புச் செருகி ஓரத்தில் தனியே கிடக்கிறது. அதற்குக் காற்றும் போகாது, அதன் சூட்டைக் காட்ட எந்தத் திரையிலும் எண் கிடையாது. அதற்காகத்தான் அந்தப் பதினோராவது கேள்வியே. இதை அவளுக்குச் சொல்லித்தந்ததும் இந்தக் கிடங்குதான்.

நிறுத்திவிட்டு வயரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தாள். சின்னச் சின்ன ஓட்டைகளில் ஒன்றின் விளிம்பு தேத்தண்ணிக் கறைபோல மங்கியிருந்தது. நிழலாகவும் இருக்கலாம். நகத்தால் சுரண்டினாள், உருகியிருக்கவில்லை. எது எப்படியோ, குழந்தை படுக்கிற அறை, 'உண்டு' என்று போட்டுவிடுவோம் என்று பேனையை எடுத்தாள். அப்போதுதான் மேற்பார்வையாளர் நாகராஜன் வந்தார்.

மதுரைப் பக்கத்து மனிதர். நல்லவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, போன மாதம் இன்னொரு மேசைப் பாஸ்கர் மூன்று கார்டை மணக்குது என்று தள்ளிவிட்டதையும், மேலிடத்தில் திரும்பச் சோதித்தபோது ஒன்றிலும் ஒன்றும் இல்லாமல் தனக்குப் பேச்சு விழுந்ததையும் சொன்னார்.

"அதனால இனிமே யாரு வாசனைன்னு டிக் பண்ணாலும், அதோட நல்ல கார்டு ரெண்டையும் சேர்த்து ஓட விடுவேன். மூணுல எதுன்னு அவங்களே என் முன்னால சொல்லணும்."

சஜிதாவின் பேனை தாளுக்கு மேலேயே நின்றது.

"உங்களுக்கு என்னங்க சஜிதா, நீங்க தப்பே விட்டதில்லையே" என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மூன்றில் ஒன்றை ஊகித்துச் சொல்லலாம். பிழையாய்ப் போனால்? கறையைக் காட்டலாம். காட்டினால் முதல் கேள்வி, மணந்து பார்த்தீர்களா என்பதாகத்தான் இருக்கும். போனமுறை என்னத்தை மணந்தீர்கள் என்பது இரண்டாவது. கண்ணை மூடிக்கொண்டு அவள் 'இல்லை'யில் புள்ளடி போட்டாள். பழையதன் மேலே புதுப் பச்சை ஸ்டிக்கரை அவசரமாய் ஒட்டியதில் அது கோணலாய்ப் போனது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கார்ப் பார்க்கில் நின்றுகொண்டு, கடிதத்தில் இருந்து குறித்துவைத்த நம்பருக்கு அடித்தாள். அந்தக் கார்டைக் கணினியில் பூட்டாதேங்கோ, அவ்வளவுதான் சொல்ல வேண்டும், பேர்கூடச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் தரம் மணி அடிக்க முன்னமே எடுத்துவிட்டார்கள். "ஹலோ, யாருங்க?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் குழந்தை ஒன்று ம்மா, ம்மா என்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது. ஆள் தமிழாக இருக்கும் என்று சஜிதா நினைத்திருக்கவில்லை. ஆங்கிலம் என்றால் ஒருவேளை சொல்லியிருப்பாள். தமிழ் ஆட்களுக்குள் கதை எத்தனை வீட்டைச் சுற்றும் என்று அவளுக்குத் தெரியும். அழைப்பை வெட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்த நம்பரே திரும்ப அடித்தது. பிறகும் ஒருமுறை. அதற்குப் பிறகு இல்லை.

அன்று பின்னேரமே பார்சல் டார்னெய்ட்டுக்குப் போய்விட்டது.

வீட்டில் அடுப்புத் திருகியை ஒன்றுக்கு மூன்று தரம் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மூக்குப் போனதிலிருந்தே உண்டு. இப்போது பஸ் தரிப்பிடம்வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தாள். குசினியில் நின்ற லதீஸ், என்னப்பா, நான் வீட்டிலதானே கிடக்கிறன், எனக்கு மூக்கு இருக்குத்தானே என்று பகிடி விட்டான். கார்டு விசயத்தை அவனுக்கும் அவள் சொல்லவில்லை. காலையில் வருகிற பெட்டிகளில் டார்னெய்ட் என்று இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லையென்றால் நிம்மதியாக இருக்கும். இருந்திருந்தால் நல்லது என்றும் உடனே தோன்றும். திரும்பி வந்தால் யாரோ கழற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

மூன்று கிழமை போனது. ஒரு புதன்கிழமை, பத்து மணித் தேத்தண்ணி முடித்து ஆட்கள் மேசைகளில் வந்து குந்திய நேரம், கிடங்கின் அந்தக் கோடியிலிருந்து நாகராஜன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்போடு அணைக்காமல், கையை நீட்டித் தள்ளிப் பிடித்திருந்தார். முதல் மேசையில் இருந்த பெண் அவர் கடக்கும்போது கழுத்துத் துணியை இழுத்து முகத்தை மூடினாள். இரண்டாவது மேசைக்காரர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். பாஸ்கர் இருமினான். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எல்லாரும் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துக்கொண்டு, என்ன நடக்குது இவையளுக்கு என்று யோசித்தபடி சஜிதா நிமிர்ந்து இருந்தாள்.

நாகராஜன் பெட்டியை அவளுடைய மேசையில் வைத்தார். டார்னெய்ட் முகவரிதான். ஆனால் எழுத்து பிரவீணாவின் எழுத்து இல்லை. வேறு யாரோ அவசரத்தில் கிறுக்கியது. மூடியைத் திறந்தார். இந்தமுறை கடிதம் ஒன்றும் இல்லை. செருகி இருந்த இடத்தில் ஒரு கரும்பொத்தல், ஒரு காற்றாடி உருகி வழிந்து மற்றதோடு ஒட்டியிருந்தது. தகடுகளுக்கிடையில் பாதி எரிந்த துணித் துண்டு ஒன்று, மஞ்சள் நிறம், அதில் சின்னதாய் ஒரு வாத்துக் குஞ்சு. ஓரத்தில் அவளுடைய பச்சை ஸ்டிக்கர் கோணலாய் அப்படியே இருந்தது.

சஜிதாவின் கை அப்போதுதான் மூக்கை நோக்கி எழும்பியது. பாதியில் நின்றது. நாகராஜன் பெட்டியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எதுவுமே தெரியலையா, சஜிதா?"

"பிள்ளை…" என்றாள் அவள். "அண்ணா, அந்தப் பிள்ளை?"

அவர் சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். கிடங்கு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. சஜிதா பெட்டியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக் குனிந்தாள். கரி கன்னத்தில் படும் அளவுக்கு முகத்தை உள்ளே கொண்டுபோய், இந்தமுறை நடிக்காமல், நெஞ்சு நோக இழுத்தாள். குளிர்ந்த வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடியும் இழுத்தாள்.