புனித இசிதோர் ரயிலேறிய நாள்

எங்கள் மெஸ்கித்தால் ஊரில் மார்ச் மாதத்திலிருந்தே இலகு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது மே பன்னிரண்டாம் தேதிதான் தெரியவந்தது.

அன்று எர்மெலிந்தா அத்தையுடன் ரயில் திட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால் முதல் கம்பெனி வந்து ஊருக்கு நடுவே தோண்டியது. இரண்டாவது கம்பெனி அதை மூடியது. மூன்றாவது கம்பெனி மறுபடி தோண்டித் தண்டவாளம் போட்டு, இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் தகர வேலி அடைத்தது. கோயில் வடக்கே, அத்தை வீடு தெற்கே. சுற்றிப் போகலாம், ஆனால் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் புனித இசிதோரின் சுரூபத்தை, அதாவது சிலையை, சுமந்து போக முடியாது, தலை இடிக்கும்.

உழவர்களின் காவலரான புனித இசிதோர் வருடத்துக்கு ஒரு வீட்டில் தங்குவார். பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு அத்தை ஒன்பது வருடம் காத்திருந்தார்; இந்த வருடம் அவர் முறை. திருவிழா நாளான மே பதினைந்து, பகல் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் சுரூபம் வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் மருந்துக்கடை கசிமீரோ. அவர் ஏற்கெனவே வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்.

"சார், பதினஞ்சாம் தேதி ஒரு அரை மணி நேரம் வேலியத் திறந்து விடுங்க, போதும்" என்றார் அத்தை.

"முடியாதும்மா" என்றார் இன்ஜினியர் ஒல்வேரா. "ஓடுற ரயில் பாதைய ஜனங்க கடக்கக் கூடாது. சட்டம்."

அத்தை சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தண்டவாளத்தின் மேல் ஒரு ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"எங்க ஓடுது?"

"ரிப்போர்ட்ல ஓடுதும்மா. மார்ச் ரெண்டாம் தேதிலேர்ந்து. தலைநகருக்கு அனுப்பியாச்சு. இப்ப நான் வேலியத் திறந்தா, ஓடலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அத்தை ஆட்டை இன்னொரு முறை பார்த்தார். "சரி சார். அப்போ இசிதோரியார ரயில்லயே கூட்டிட்டு வந்துடுறோம். ஓடுதுல்ல?"

இன்ஜினியர் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தார். பிறகு மூடி வைத்தார்.

"ஓடலன்னா ஒரு வரி எழுதிக் கொடுங்க சார், பாதிரியார்கிட்ட காட்டிக்கிறோம்" என்று நான் உதவிக்கு வந்தேன்.

"ரயில்ல கால்நடைக்கு அனுமதி இல்ல. அவர் ஏர்மாட்டோடல்ல இருக்காரு?"

"மாடு மரம் சார்."

அதற்கு மேல் அவரிடம் சட்டம் எதுவும் மீதி இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, மின்சாரம் இன்னும் வரவில்லை என்ற ரகசியத்தைச் சொன்னார். ஊரில் அதை அறியாதவர் அந்த ஆடு மட்டும்தான். பெட்டி ஒன்று இருந்தது, நாற்பது டன். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, நாற்பது பேர் தள்ளினால் நகரும் என்றார். அந்தத் திட்டத்தில் சரியாக வந்த முதல் கணக்கு அதுதான்.

பதினைந்தாம் தேதி பத்து மணிக்குக் கோயில் ஸ்டேஷனில் சுரூபம் பெட்டியில் ஏறியது. கூடவே பாதிரியாரும் ஊதுகுழல்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். பிரேக்கைக் கையால் அடித்துத் தளர்த்தவே ஒரு மணி நேரம் போயிற்று. வானவெடி கிளம்ப, நாற்பது பேரும் தோள் கொடுத்தார்கள். சுரூபம் தூக்குகிறவர்களில் கசிமீரோவும் ஒருவர்; அதனால் அவரும் தள்ளியாக வேண்டும். ஒரு கையால் தள்ளினார், மறுகையில் கடிகாரம்.

"பதினொன்னு முப்பத்தஞ்சு, எர்மெலிந்தா!"

"ரெண்டு கையாலயும் தள்ளுய்யா! மாத்திரையா எண்ணுற?"

"என் வீட்டுல வெள்ளை இன்னும் காயல. மெதுவாவே போலாம்."

பெட்டி செங்கல் சூளை நிறுத்தத்தில் போய் நின்றது. அத்தை வீட்டுக்கு நேர் எதிர். கதவைத் திறந்து பார்த்தால் நடைமேடை வடக்குப் பக்கம் இருந்தது. அதாவது, நாங்கள் கிளம்பிய பக்கம்.

"தெக்குலல்ல இருக்கணும்?" என்றார் அத்தை.

"வரைபடத்துல தெக்குதான்" என்று இன்ஜினியர் வியர்வையைத் துடைத்தார். "மூணாவது கம்பெனிக்காரன் படத்தத் தலைகீழா வெச்சுப் பாத்திருக்கான். நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்ததே இல்லம்மா."

"பன்னெண்டுக்குப் பத்து!" என்றார் கசிமீரோ.

அத்தை தெற்குக் கதவைக் கையால் தள்ளித் திறந்தார். கீழே ஒரு மீட்டர் பள்ளம், அதற்கப்பால் தகர வேலி, வேலிக்குப் பின்னால் அவர் வீடு. மோலே குழம்பின் வாசம் மட்டும் வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவர் கீழே குதித்தார். ஐம்பத்தெட்டு வயது, பண்டிகைச் செருப்பு. நேரே போய்த் தகரத்தின் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"அம்மா, அது அரசாங்கச் சொத்து! கம்பம் ஒவ்வொண்ணுக்கும் அரை மீட்டர் சிமெண்ட் போட்டிருக்கு!"

அத்தை தள்ளினார். வேலி ஒரு முறை முனகிவிட்டு அப்படியே தெருவில் சாய்ந்து படுத்துக்கொண்டது. கம்பங்களின் அடியில் சிமெண்ட் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு செங்கல்லில் செருகியிருந்தது.

வருடக்கணக்காக இந்த ஊர் அந்த வேலியைச் சுற்றி நடந்திருந்தது. குழந்தைகள் சுற்றிப் போய்ப் பள்ளிக்குத் தாமதமானார்கள், சவப்பெட்டிகள் சுற்றிப் போயின. ஒருவர்கூட அதைத் தள்ளிப் பார்க்கவில்லை.

"என்னய்யா பாக்குறீங்க, தூக்குங்க!" என்று கத்தியவர் கசிமீரோ. சுரூபப் பல்லக்கின் முன்கம்பத்துக்கு அவரே தோள் கொடுத்தார். ஏனென்று பிறகு கேட்டேன். "கனம் தோள்ல ஏறினப்புறம் பட்டியல் எங்கடா ஞாபகம் இருக்கும்" என்றார்.

சுரூபத்தைப் பள்ளத்தில் இறக்கி, சாய்ந்து கிடந்த தகரத்தின் மேல் தடதடவென்று நடந்து, மாடு, ஏர், புனிதர் எல்லோரும் பதினொன்று ஐம்பத்தேழுக்கு வாசலைத் தாண்டினார்கள். அத்தை அழவில்லை. அழுதால் குழம்பு அடிப்பிடித்துவிடும் என்று உள்ளே ஓடினார்.

மூன்று மணிக்குப் பந்தி குறைந்த பிறகு இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார். அத்தை அவருக்கும் ஒரு தட்டு வைத்தார்.

"அம்மா, திங்கக்கிழமை தலைநகர்லேர்ந்து அதிகாரிங்க வர்றாங்க. ரயில் ஓடுறதப் பாக்கணுமாம். இங்கேர்ந்து கோயில் ஸ்டேஷன் வரைக்கும்தான். அந்த நாப்பது பேர…"

அத்தை சுடச்சுட இரண்டு சோளரொட்டியை அவர் தட்டில் போட்டார்.

"சாப்பிடுங்க சார், மொதல்ல. திரும்பிப் போற வழி ஏத்தமா, இறக்கமா?"