வாடி என் சீதேவி

சாவியிலிருந்து கையை எடுப்பதற்குள் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஹுசைனால் நம்பவே முடியவில்லை. தொட்டதும் உயிர் வந்துவிட்டதே! மெக்கானிக் வெங்கடேஷ் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். சனிக்கிழமை செத்துப்போன ஸ்டார்ட்டர் மோட்டாரை ஞாயிறு முழுக்கப் பிரித்துப்போட்டு, தேய்ந்துபோன கார்பனையும் புஷ்ஷையும் கழற்றிவிட்டுப் புதிது போட்டு, உள்ளே சுற்றும் ஆர்மேச்சரைக் கடைசலில் கொடுத்துச் சீவி, சொலினாய்டு சுவிட்சையும் மாற்றி, மேலே கறுப்புப் பெயின்ட் வேறு அடித்து மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து மாட்டியிருந்தார் மனிதர்.

முன்பெல்லாம் காலையில் இந்தப் பஸ்ஸைக் கிளப்புவது சாமானியமான காரியம் இல்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி டக். டாஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஹுசைன் கெஞ்ச ஆரம்பிப்பார். “வாடி என் சீதேவி, வா. மானத்த வாங்காத, வந்துரும்மா.” மூன்றாவதோ நான்காவதோ தடவையில் உள்ளே ஏதோ உறுமிக்கொண்டு சுற்றி, இருமி, கடைசியில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அவர் மனைவி ஃபஸீலா ஒருநாள் கூட வந்தபோது இந்தக் கூத்தைக் கேட்டுவிட்டு, “கட்டுனவகிட்ட ஒரு நாள் இப்படிப் பேசியிருப்பீங்களா? இது பஸ்ஸு இல்ல, உங்க சின்ன வீடு” என்றாள். ஹுசைன் சிரித்து மழுப்பிவிட்டார். உண்மையைச் சொன்னால், அவருக்கும் அந்த நாற்பது சீட்டு வண்டிக்கும் நடுவே அப்படி ஒரு குடித்தனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இன்ஜின் பிடித்த பிறகு கண்ணாடியில் பார்த்தால் மகள் அனம் அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஸ்பெஷல் ஸ்கூல் முடிந்ததிலிருந்து இதுதான் வழக்கம். ஜூரோங்கில் பஸ் நிறுத்துமிடத்துக்கு அப்பாவும் மகளும் நடந்து வருவார்கள். அவர் ஏறிக் கிளப்ப ஆரம்பிக்கும்போது அவள் வெளியே கதவோரம் நிற்பாள். பிறகு ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்து, ஜன்னலை இரண்டு தட்டுத் தட்டுவாள். போகலாம் என்று அர்த்தம். உட்லண்ட்ஸ் போய், பாலம் கடந்து ஜோகூரிலிருந்து வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி, ஜூரோங் ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, கடைசியாகக் கிளமெண்டியில் அவள் பகல் முழுக்க இருக்கும் டே சென்டர். அந்தப் பெண்கள் அவளுக்குக் குவே பலகாரம் வாங்கி வருவார்கள். வாங்கிக்கொள்வாள். பேச மாட்டாள். அனம் யாரிடமும் பேசியதில்லை.

அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தபோது சீட் காலியாக இருந்தது.

வெளியே கதவோரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். இன்ஜின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஏசி வருகிறது. “அனம். பஸ். சிட்” என்றார் ஹுசைன். அவள் அசையவில்லை. “அனம். அப் அப். சிட்.” படியைத் தட்டிக் காட்டினார். இறங்கிப்போய்க் கையைப் பிடித்தார். கையை உதறிக்கொண்டு தன் மணிக்கட்டையே கடிக்க ஆரம்பித்தாள். இருபது வயதுப் பெண், அப்பா உயரத்துக்கு வளர்ந்தவள், தூக்கியா போட முடியும்? அதற்குள் போன் அடிக்கிறது, உட்லண்ட்ஸில் பெண்கள் காத்திருக்கிறார்கள். ஃபஸீலாவைக் கூப்பிட்டார். அவள் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து மகளை அழைத்துக்கொண்டு போனாள். முன்னும் பின்னுமாக அந்த இருவரும் நடந்துபோவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஹுசைன் வண்டியை எடுத்தார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அந்த வாரம் முழுக்க வண்டி தொட்டதும் கிளம்பியது, அனம் கிளம்பவில்லை. ஃபஸீலாவுக்குத் தேக்காவில் ஒரு துணிக்கடையில் ரவிக்கை தைக்கும் வேலை. கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் நல்லவருக்கும் ஒரு எல்லை உண்டு இல்லையா? டே சென்டரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, அனம் எப்போது வருவாள், பின்னால் நிறையப் பேர் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். வீட்டிலோ அனம் சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அங்கே தோல் கன்றிப்போய்விட்டது. ஃபஸீலா ஒரு பழைய சாக்ஸை வெட்டி அதில் மாட்டிவிட்டாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவளும் ஃபஸீலாதான். “சத்தம்” என்றாள். “லிஃப்ட் மாத்துனப்ப என்ன பண்ணா? மறந்துட்டீங்களா?” ஹுசைன் மறக்கவில்லை. அடுக்குமாடி புளோக்கில் புது லிஃப்ட் போட்டபோது கதவு திறக்கும் மணிச்சத்தம் மாறிவிட்டது என்று, பதினொரு மாடியையும் படியிலேயே ஏறி இறங்கினாளே, கூட இவர்களும் மூச்சு வாங்கிக்கொண்டு. “பழைய உறுமல் இல்ல. அதான் அவளுக்கு அது நம்ம பஸ்ஸே இல்ல. போன்ல ரெக்கார்ட் இருக்கா?”

“ஓட்டை ஸ்டார்ட்டரை யாராவது ரெக்கார்ட் பண்ணி வெப்பாங்களா?”

“அப்ப அந்தப் பழைய சாமான மறுபடி போடச் சொல்லுங்க.”

இருவரும் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டில் தமிழ் எப்போதுமே தாழ்ந்த குரலில்தான். அனமுக்கு நாலு வயதாக இருந்தபோது, பேச்சு வராத பிள்ளைக்கு இரண்டு மொழி குழப்பம், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஸ்கூலில் இங்கிலீஷ் என்பதால் இங்கிலீஷே பேசுங்கள் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டார். சொன்னது நல்லதுக்குத்தான். இவர்களும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்வது, இவர்கள் இருவருக்கும் தெரிந்த இங்கிலீஷ் வேலையிடத்து இங்கிலீஷ். ஈட். சிட். ஷூஸ். வெயிட். நோ. அதை வைத்துக்கொண்டே பிள்ளையை வளர்த்து ஆளாக்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் ஃபஸீலாவுக்கு வாய் தவறித் தமிழ் வந்துவிடும், ஹுசைன் கண்ணைக் காட்டுவார், அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். பிறகு பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஹுசைன் வண்டியை எடுத்துக்கொண்டு வெங்கடேஷின் பட்டறைக்குப் போனார். ஜூரோங்கில் ஃபேக்டரிகளுக்கு நடுவே ஒற்றைக் கடை. பெஞ்சு முழுக்க லாரிக்கும் கிரேனுக்கும் உரிய மோட்டார்கள் வயிறு பிளந்து கிடந்தன. வெங்கடேஷ் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். “என்ன பாய், வண்டி எப்படி? தொட்டதும் பறக்குதா?”

ஹுசைன் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு அவமானமாக இருந்தது. ஒரு மனிதன் மெனக்கெட்டு முதுகு ஒடியச் செய்த வேலையை, கெடுத்துக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

வெங்கடேஷ் கைத்துணியைப் பெஞ்சில் வீசினார். பிறகு, “பாய், நான் இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்துல, நல்லா இருக்கறத ரிப்பேராக்கிக் குடுன்னு ஒருத்தன்கூடக் கேட்டதில்ல லா” என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். ஹுசைனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரல் இறங்கிவிட்டது. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்தார். பழைய சாமான்கள் அதில்தான் கிடந்தன, இன்னும் குப்பைக்குப் போகவில்லை.

“உறுமல் மட்டும்தான் வேணும்னா தேஞ்ச புஷ்ஷ மாட்டினாப் போதும். ஆர்மேச்சர் ஒரு பக்கம் ஒரசிக்கிட்டு உறுமும்.”

“அந்த டக்டக்கும் வேணும், வெங்கடேஷ். எது அவளுக்கு அடையாளம்னு எனக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் போட்ரு.”

“கார்பன் செத்துப்போச்சு பாய். சொலினாய்டு உள்ள எரிஞ்சு கெடக்கு. எல்லாத்தையும் போட்டா எப்ப நிக்கும்னு நான் சொல்ல முடியாது. ஒரு மாசமும் ஓடும், நாளைக்கே படுத்துரும். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன்.”

வேலை மத்தியானம் வரை இழுத்தது. போனமுறை வெங்கடேஷ் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்தார். இந்தமுறை வாயைத் திறக்கவில்லை. பளபளவென்றிருந்த புதுப் புஷ்ஷைத் தட்டி வெளியே எடுத்து, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துபோன பழையதை உள்ளே அடித்து இறக்கினார். நகத்தளவு மிஞ்சியிருந்த கார்பன்களை ஸ்பிரிங்குக்கு அடியில் சொருகினார். ஆர்மேச்சரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. சீவினத திரும்ப ஒட்ட முடியாது” என்றார். பெஞ்சில் பேட்டரி வைத்து மின்சாரம் கொடுத்தபோது முதலில் டக் என்றது, அடுத்தமுறை அந்தப் பழைய உறுமல் வந்தது. ஹுசைன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அல்ஹம்துலில்லாஹ், அதேதான்! பஸ்ஸில் மாட்டித் திருப்பியபோதும் இரண்டாவது தடவையே பிடித்துக்கொண்டது. தான் செய்யும் ஒவ்வொரு மோட்டாரிலும் பட்டறைப் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவது வெங்கடேஷின் வழக்கம். போனமுறை ஒட்டியதை இந்தமுறை உரித்து எடுத்துவிட்டார். ஹுசைன் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

திங்கட்கிழமை, இன்னும் விடியவில்லை. அனம் சாக்ஸ் மாட்டிய கையோடு கதவோரம் நின்றாள். வழக்கமான அதே இடம். ஹுசைன் ஏறி உட்கார்ந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

டக்.

நல்லது, அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தார். சீட் காலி. மறுபடி திருப்பினார். டக். மறுபடி டக். நாலாவது தடவைக்கு உறுமல் வந்தே ஆக வேண்டும். டக் என்று மட்டும்தான் வந்தது. ஐந்து, ஆறு என்று திருப்பிக்கொண்டே இருந்தார். போன் அடித்தது, உட்லண்ட்ஸ். எடுக்கவில்லை. வெங்கடேஷைக் கூப்பிட்டார், அவர் எடுக்கவில்லை. இந்நேரத்துக்கு யார் எடுப்பார்கள்? யா அல்லாஹ், நல்லா இருந்ததை நானே கெடுத்து வைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்கிறேனே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே மகள் நிற்கிறாள் என்பதுகூட மறந்துபோயிற்று. சாவியை விட்டுவிட்டு நெற்றியை ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டார்.

“வாடி” என்றார். “வாடி என் சீதேவி. எம்மேல என்னடி கோவம்? நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். தப்புன்னா மன்னிச்சிரு. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? மானத்த வாங்காத, வந்துரும்மா.”

வண்டி லேசாக ஒரு பக்கம் அசைந்தது. படியில் செருப்புச் சத்தம். பெல்ட் மாட்டும் சத்தம்.

ஹுசைன் தலையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தார். அனம் அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சாவியைப் பார்த்தார். அது ஆஃப்பில் இருந்தது. உறுமல் இல்லை, டக் இல்லை, ஒன்றுமே இல்லை. அவர் பேசிய பேச்சைத் தவிர வேறு சத்தமே அந்த இடத்தில் கிடையாது.

அப்படியென்றால் இத்தனை நாளும்? தினம் காலையில், டாஷ்போர்டைத் தட்டித் தட்டி, இந்த இரும்பைப் பார்த்துச் சொன்னதெல்லாம்? வாடி என்றதும் அவள் ஏறியிருக்கிறாள். நாலு வயதிலிருந்து சிட், ஈட், வெயிட் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு நாளைக்கு ஒரு தடவை அத்தா தன்னைச் சீதேவி என்று கூப்பிடுகிறார் என்று நினைத்து ஏறியிருக்கிறாள். வண்டி நன்றாக ஆனதும் அத்தா கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று வாரம் முழுக்க அந்தக் கதவோரம் நின்றிருக்கிறாள்.

ஹுசைன் சீட்டிலேயே முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டும் போல இருந்தது. பஸ்ஸிடம் அருவி மாதிரி கொட்டிய வாய், மகளின் முகத்துக்கு நேராகத் திக்கியது. “வாடி” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “வாடி என் சீதேவி.”

அவள்தான் வந்துவிட்டாளே! அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, சாக்ஸ் மாட்டிய கையால் ஜன்னலை இரண்டு தட்டுத் தட்டினாள். போன் மறுபடி அடித்தது. ஹுசைன் முன்பக்கம் திரும்பிச் சாவியைத் திருப்பினார். டக் என்றது. பின்னாலிருந்து அவள் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள்.