திருப்பிப் போட்ட பேட்ஜ்

எக்ஸிபிஷன் ஹாலுக்குள்ள பேட்ஜைத் திருப்பிப் போட்டுக்கிட்டு சுத்துறவன் எவனும் நல்லவனா இருக்க முடியாது. பேரையும் கம்பெனியையும் அச்சடிச்சு வாசல்லயே கழுத்துல மாட்டி விடறாங்க. அதை நெஞ்சுப் பக்கம் மறைச்சுக்கிட்டு வர்றான்னா, நம்ம மெஷினைப் பாத்து காப்பியடிக்க வந்திருக்கான்னுதானே அர்த்தம்?

முதல் நாள் காலையிலேயே ஒருத்தன் அப்படி வந்து நின்னான். நரைச்ச தலை, தேய்ஞ்ச செருப்பு. எங்க பூண்டு உரிக்கிற மெஷினையே கண் கொட்டாம பாத்தான். எனக்கு அப்பவே மூக்குல வேர்த்துடுச்சு. என் வீட்டுக்காரர் என்னடான்னா வாயெல்லாம் பல்லா, "வாங்க சார், வாங்க சார்"னு மூடியையே திறந்து காட்டறார்!

அவன் போனதும் இவரைப் பிடிச்சுக்கிட்டேன். "உங்களுக்கு அறிவே கிடையாதா? உங்களை யார் வேணா ஏமாத்திடலாம்."

"வர்றவங்களை எல்லாம் திருடனாப் பாத்தா எப்படிம்மா விக்கிறது?"

அதுவும் நியாயம்தான். இந்த எக்ஸிபிஷன் சென்டரைக் கட்டறதுக்கு முன்னாடி ஆர்டர் கேட்டு ஊர் ஊரா அலைஞ்சோம். இப்ப சுத்துவட்டாரத்துல பட்டறை வச்சிருக்கிற அத்தனை பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற இந்த மூணு நாள் எக்ஸிபிஷனைத்தான் மலைபோல நம்பியிருக்கோம். லாட்ஜுல ரூம் கிடையாது, பஸ்ஸுல நிக்க இடம் கிடையாது, வாங்குறவங்க அவ்வளவு பேர் வர்றாங்க. ஆனா அவங்க வர்ற அதே கதவு வழியாத்தானே திருடனும் வர்றான்.

எங்களுக்கு இந்தத் தடவை வாழ்வா சாவான்னு நிலைமை. ஆர்டர் வரலைன்னா பட்டறையை மூடிட்டு இவர் தன் அண்ணன் கம்பெனிக்குப் போகணும். கேட்ல நின்னு வண்டி நம்பர் எழுதற வேலை. மூணாவது நாள் சாயங்காலம் பதில் சொல்றேன்னு அண்ணன்கிட்ட வாக்கு கொடுத்துட்டார்.

ரெண்டாவது நாளும் அந்த பேட்ஜ்காரன் வந்தான். குனிஞ்சு, டிரம்முக்குள்ள கையையே விட்டுட்டான்! உள்ள ஒட்டியிருக்கிற ரப்பர்லதான் எங்க சூட்சுமமே இருக்கு. அதுல சாய்வா வரிவரியா கோடு போட்டிருக்கு. பூண்டு நசுங்காம தோல் மட்டும் கழண்டு வரும். அவன் விரலால அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பாத்தான்.

"கையை எடுங்க. வாங்கறதா இருந்தா பேசுங்க, இல்லைன்னா நடையைக் கட்டுங்க"ன்னேன். டிரம் மேல துணியைப் போட்டு மூடினேன். அவன் கையைத் துடைச்சுக்கிட்டு நகர்ந்து போயிட்டான்.

பேட்ஜ் விஷயம் எனக்கு எப்படி இவ்வளவு அத்துப்படின்னு கேட்கறீங்களா? சொல்றேன். போன வருஷம் நானே திருப்பிப் போட்டுக்கிட்டு வேற ஒரு பூண்டு மெஷின் ஸ்டால்ல நின்னேன். ஸ்டால்ல ஒரு பொண்ணு மட்டும்தான் இருந்துச்சு. வெள்ளந்தியா எல்லாத்தையும் காட்டுச்சு. அந்தச் சாய்வுக் கோடு அங்க பாத்தது. வீட்டுக்கு வந்து நானே யோசிச்சதாச் சொல்லிட்டேன். அன்னிலேருந்து இந்த மனுஷன் ஊரெல்லாம், "என் பொண்டாட்டி மூளை சார்"னு மார் தட்டிக்கிட்டுத் திரியறார். ஒவ்வொரு தடவையும் நான் முகத்தை வேற பக்கம் திருப்பிக்குவேன்.

மூணாவது நாள் மத்தியானம் வரைக்கும் ஒரு ஆர்டர் இல்லை. இவர் போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அப்பத்தான் பேட்ஜ்காரன் மறுபடி வந்தான். நான் சண்டைக்கு எழுந்திரிச்சேன். அவன் நிதானமா பேட்ஜைத் திருப்பினான். கம்பெனி பேரைப் படிச்சதும் அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டேன். போன வருஷம் நான் நின்ன அதே ஸ்டாலோட பேரு.

"பட்டறையை வித்துட்டேன்மா, உடம்பு முடியலை"ன்னார் அவர். "ஆனா பழைய வாடிக்கைக்காரர் நாப்பது மெஷின் கேட்கறார். ஒழுங்கா செய்யற கையைத் தேடித்தான் மூணு நாளா சுத்தறேன். இந்தக் கோடு யாரோட யோசனை?"

என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "இவதான் சார்! என் பொண்டாட்டி மூளை!"

பெரியவர் என்னையே பாத்தார். ஆமான்னு ஒரு தலையாட்டு ஆட்டியிருக்கலாம். அந்தத் தேய்ஞ்ச செருப்பைப் பாத்ததும் என்னால முடியலை.

"உங்க ஸ்டால்ல இருந்த பொண்ணு காட்டினதுதான்யா. போன வருஷம்."

"தெரியும்மா. பேட்ஜைத் திருப்பிப் போட்ட ஒரு அக்கா ரொம்ப நேரம் நின்னாங்கன்னு அவ சொன்னா." டிரம்மைத் தட்டினார். "ஆனா கடைசியில ரெண்டு விரல் அகலம் கோடு போடாம விட்டிருக்கியே, பூண்டு மெதுவா விழறதுக்கு. அது எங்களுதுல இல்லை. அதைப் பாத்துட்டுத்தான் வந்தேன்." பையிலிருந்து ஆர்டர் பேப்பரை எடுத்து மேஜை மேல வச்சார்.

இவர் கையெழுத்துப் போட்டார். பெரியவரை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தார். அண்ணனுக்குப் போன் பண்ணி, வேலைக்கு வரலைன்னு சொன்னார். பட்டறை தப்பிச்சிடுச்சு. எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு. இவர் ஏதாவது திட்டுவார்னு காத்துக்கிட்டே இருந்தேன்.

இவர் டிரம்மைத் துணியால துடைச்சுக்கிட்டே, என் முகத்தைப் பாக்காமலே சொன்னார்:

"நீ சொன்னது சரிதாம்மா. என்னை யார் வேணா ஏமாத்திடலாம்."