ஒரு நம்பரில் ஆறு பேர்

மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் வேன் வந்து நின்றபோது காலை ஐந்து பத்து. டிரைவருக்குப் பக்கத்தில் அஜாஸ் உட்கார்ந்திருந்தான். மடியில் பழைய லேப்டாப். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றையும் பிரஸ் மெஷின் தின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. அதன்பிறகு சிப்காட்டில் அவன் ஏறாத கம்பெனி வாசல் இல்லை. கேட்டிலேயே கையைப் பார்ப்பார்கள். அப்புறம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இருந்த ஒரே வழி இதுதான். வீடியோ பார்த்து, ஏழு விரலால் தட்டித் தட்டி, எட்டு மாதத்தில் ஒரு வெப் ஆப் செய்திருந்தான். போன் நம்பரைப் போட்டு, வருகிற ஓடிபியை அடித்தால் உள்ளே போகலாம். மாதப் பாஸுக்கு அங்கேயே பணம் கட்டினால் வேனில் சீட் பதிவாகும். அத்திப்பள்ளி கம்பெனிகளுக்கு எட்டு வேன் ஓட்டும் கோவிந்தன் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஒண்ணாந்தேதி ஒரு வண்டிக்கு விட்டுப் பாப்போம். தகராறு இல்லன்னா ஆபீஸ்ல உனக்கு ஒரு நாற்காலி. எதாச்சும் ஆச்சு, மறுபடி பேர நோட்டுல எழுதறதுதான்."

இன்று ஒன்றாம் தேதி.

ஒரே ரூமில் தங்கும் ஆறு பேர் காத்திருந்தார்கள்; அழகர்சாமி முதலில் ஏறினார். டிரைவர் போனில் இருந்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பின்னால் நின்ற ஐந்து பேருடைய பெயர் இல்லை. சீட்டும் இல்லை, முந்தைய நிறுத்தத்திலேயே வேன் நிரம்பிவிட்டது.

"என்னடா மாப்ள இது? ஆறு பேருக்கும் நான்தானடா கட்டுனேன். ஆறு தடவையும் பச்ச டிக்கு வந்துச்சே!"

அஜாஸ் லேப்டாப்பைத் திறந்தான். ஒரே நம்பரிலிருந்து ஆறு பணம். ஆறும் அந்த ஒரே சீட்டின்மேல் போய் விழுந்திருந்தன.

அந்த ரூமில் அரிசி, கேஸ், வேன் பாஸ் எல்லாமே அழகர்சாமி போனிலிருந்துதான் போகும். மற்றவர்கள் அவர் கையில் காசைக் கொடுத்துவிடுவார்கள். தெற்கிலிருந்து வந்து தங்குகிற எல்லா ரூமிலும் அதுதான் வழக்கம். அஜாஸும் மூன்று வருஷம் அங்கே பாய் விரித்துப் படுத்தவன். அவனுடைய பாஸையும் அவர்தான் எடுப்பார். வீடியோவில் பாடம் சொன்னவன் ஒரு ஆளுக்கு ஒரு நம்பர் என்றான். இவனும் தலையாட்டிக்கொண்டே எழுதிவிட்டான்.

"சூப்பர்வைசர்கிட்ட என்னத்தச் சொல்ல? சானமாவு காட்டுல யானை மறிச்சிச்சுன்னா நம்புவான். போன்ல சீட் ஏறலன்னா நம்புவானா?" என்றான் கீழே நின்ற ஒருவன்.

"யானைக்கும் ஒரு லாகின் குடுத்துருக்கலாம் பாய்!" வேனுக்குள்ளிருந்து குரல். நாலு பேர் சிரித்தார்கள்.

அழகர்சாமி சிரிக்கவில்லை. இறங்கிவிட்டார். "எவனோ ஒருத்தன் பண்ணியிருந்தா போய்த் தொலையுதுன்னு விட்டுருவேன். எங்க சட்டியில தின்னவன்டா நீ."

அஜாஸும் இறங்கினான். "உங்க எடமும் என் எடமும் இருக்கு, ரெண்டு பேராவது ஏறுங்கண்ணே."

ஒருவரும் ஏறவில்லை. இரண்டு இடம் காலியாகவே வேன் கிளம்பிப் போனது.

ரோட்டோரமாகவே உட்கார்ந்து, ஒரே நம்பரில் எத்தனை பேர் பெயரையும் சேர்க்கும்படி மாற்றி எழுதினான். முடிக்கும்போது மணி எட்டரை. ஓட்டமும் நடையுமாகக் கோவிந்தனுடைய ஷெட்டுக்குப் போனான். ஆப்புக்காகச் சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையைக் காணோம். மேஜைமேல் புது நோட்டு.

"சரி பண்ணிட்டேன் சார். இனிமே எத்தன பேரு வேணா..."

"ஆறு பேருக்கு இன்னிக்கி ஷிப்ட் போச்சு. அதையும் சரி பண்ணிட்டியா?"

அஜாஸ் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஆனால் போகவில்லை.

கோவிந்தன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கிளீனருக்கு ஒரு ஆள் வேணும். கதவுல நின்னு ஏத்தி எறக்கணும். பேர நோட்டுல குறிக்கணும். முடியுமா உன்னால?"

ஷெட்டில் நின்ற வேனிடம் அஜாஸ் போனான். வலது கையால் கதவுக் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினான். வழுக்கியது. இடது கைக்கு மாற்றினான். பிடி நின்றது.

"அந்தக் கையில தொங்குனா நோட்ட எதுல புடிப்ப?"

"வாயில கவ்விக்கிறேன் சார்."