அலுங்குப் பால்

கடப்பாறை பொக்கென்று இறங்கியது. குழிக்குள் நின்ற அழகர் முன்னால் சாய்ந்து சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

“பாறையா மாப்ள?” மேலேயிருந்து சடையன் கேட்டார்.

“இல்ல மாமா. பொந்து.”

சுவரிலிருந்து ஒரு மண்பாளம் உடைந்து விழுந்தது. அதற்குப் பின்னால் இருட்டு. பலாப்பழ அளவில் ஏதோ ஒன்று அதிலிருந்து உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. உடம்பெல்லாம் செதில். தலை எது, வால் எது என்று தெரியவில்லை.

“அலுங்கு!” ஒச்சப்பன் குழிக்குள் எட்டிப் பார்த்தான். “அழகரண்ணே, மண்வெட்டியப் போடவா? ஒரே அடி.”

“தொடாத.”

அழகரின் அண்ணன் கந்தப்பன் விடிகாலையில் செத்திருந்தான். மூன்று நாள் காய்ச்சல், நெஞ்சுச் சளி, அவ்வளவுதான். உடல் கீழே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் கிடந்தது. ஐந்து மாதக் கைக்குழந்தையைத் தவிர கந்தப்பனுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவன் அழகர். கொள்ளிக்குடம் தூக்குகிறவன் குழி வெட்டக்கூடாது என்று காலையிலேயே எல்லோரும் சொன்னார்கள். மழையில் ஊறிய மண் சரியும், ஆள் பற்றாது என்று சொல்லிவிட்டு அவன் கடப்பாறையோடு ஏறி வந்துவிட்டான். மண் அவ்வளவு மோசமில்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார அவனால் முடியவில்லை.

குழி முடிந்தது என்று மேலேயிருந்து குரல் போனால்தான் கீழே பாடையைத் தூக்குவார்கள். தப்புச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

“செதில மோதிரத்துல வெச்சுப் போட்டா மூலம் நிக்கும்” என்றார் சடையன். “கறி சாராயத்துக்கு ஆகும். செத்த வீட்டுல குழி வெட்டுறவனுக்கு ஆண்டவனாப் பாத்துக் குடுக்குறான். வேணாங்கிற?”

“கொஞ்சம் இருங்க மாமா. விரியட்டும்.”

“எது?”

“இது.”

சடையன் அவனை உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. “அடேய், உங்கண்ணன் கதையா?”

தோட்டம் முழுக்கத் தெரிந்த கதைதான் அது. கந்தப்பன் கான் வெட்டுகிறவன். தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டும்போது எலி, முள்ளம்பன்றி, உடும்பு என்று மண்ணுக்குள் இருப்பதெல்லாம் அவனுக்குத்தான் முதலில் எதிர்ப்படும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள், சுருண்டு கிடந்த ஓர் அலுங்குக்குப் பக்கத்தில் வேலையை விட்டுவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். அன்று சாயங்காலம் லயத்தில் வந்து சொன்னான்: “அது மீன் சாதியும் இல்ல, ஓணான் சாதியும் இல்ல. நம்ம சாதி. குட்டி போட்டுப் பால் குடுக்குது. பொம்பளைக்கு இருக்குற மாதிரி நெஞ்சுல ரெண்டு மொலை. நான் பாத்தேன்.”

லயம் சிரித்தது. கந்தப்பன் மனைவி மாரியாயி தண்ணீர் பிடிக்கப் போனபோதெல்லாம், “அலுங்கு நல்லாருக்கா?” என்று கேட்டார்கள். மறுவாரம், காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி எல்லார் முன்னாலும் அழகரைக் கேட்டார்: “ஏண்டா, ஒங்கண்ணன் சொல்றது நெசமா?”

“அவன் சொல்றது புளுகுங்க” என்றான் அழகர்.

கந்தப்பன் இரண்டு வரிசை தள்ளித்தான் நின்றான். அதற்குப் பிறகும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். அரிசி, மழை, மாமியார் என்று எல்லாம் பேசினார்கள். மண்ணுக்குள் கண்டதைப் பற்றி மட்டும் கந்தப்பன் அவனிடம் பேசியதே இல்லை.

“இழுத்துப் பிரிச்சுப் பாத்துரலாமே” என்றான் ஒச்சப்பன்.

“இழுத்தா இன்னும் இறுக்கிக்கும்னு அண்ணன் சொன்னான். சத்தம் இருக்கக்கூடாது. அசையக்கூடாது.”

“மேல மழ வருது, கீழ பொணம் காத்துக் கெடக்கு” என்றார் சடையன். “ஒரு பீடி நேரம். அதுக்கு மேல நான் அடிச்சிருவேன்.”

அழகர் மெல்ல மேலே ஏறினான். மூவரும் குழிவிளிம்பில் குந்தினார்கள். நமுனுகுல மலை மேகத்துக்குள் போயிருந்தது.

“இதுக்குப் பிரஜாவுரிமை இருக்கா?” ஒச்சப்பன் முணுமுணுத்தான்.

“அது இங்கயே பொறந்தது. அதுக்கு எதுக்குடா?” என்றார் சடையன்.

“நானுந்தான் இங்கயே பொறந்தேன். எனக்குக் குடுக்கலியே.”

“வாய மூடுறியா?” என்றான் அழகர்.

காலையிலிருந்து அழுகையும் தப்பும் கேட்டுக் கேட்டு அழகரின் காது கனத்திருந்தது. இப்போது தப்பும் நின்று, அமைதி. சடையனின் பீடி கருகி விரலைச் சுட்டது. அவர் அதை அணைத்தார். மண்வெட்டியைத் தொடவில்லை.

“என்னாடா பண்றீங்க அங்க?” என்று கங்காணியின் குரல் ஏறி வந்தது. மூவரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் செதில்களுக்கு நடுவே ஒரு கோடு தெரிந்தது. அதிலிருந்து ஈரமான கூர்மூக்கு வெளியே வந்து காற்றை மோந்தது. பிறகு அந்த உருண்டை பக்கவாட்டில் மெல்லத் தளர்ந்தது. உள்ளே ஒரு குட்டி. அதன் செதில்கள் இன்னும் வெளுப்பாக, நகம்போல மிருதுவாக இருந்தன. தாயின் அடிவயிற்றில் செதிலே இல்லை. வெறும் தோல், கொஞ்சம் முடி. குட்டி அந்தத் தோலில் முட்டி முட்டி மேலே ஏறியது. நெஞ்சுக்கு, முன்னங்காலுக்குப் பக்கத்தில். அங்கே பிடித்துக்கொண்டது. மற்றப் பக்கத்தில் இன்னொரு காம்பு தெரிந்தது.

அழகர் எண்ணினான். இரண்டுதான்.

“ஆத்தாடி” என்றார் சடையன், சத்தமே வராமல்.

குட்டி குடித்து முடித்ததும் தாயின் வால்மேல் குறுக்காகப் படுத்துத் தொற்றிக்கொண்டது. தாய் திரும்பிப் பொந்துக்குள் நுழைந்தது. மண் உள்ளேயிருந்து தள்ளப்பட்டு வந்து வாயை அடைத்தது. சிறிது நேரத்தில் அங்கே பொந்து இருந்த அடையாளம் இல்லை. மிச்சம் இருந்த ஓர் அடியை அழகர் அந்தப் பக்கம் கடப்பாறை படாமல் வெட்டி முடித்தான். அந்தச் சுவர் மட்டும் கொஞ்சம் கோணலாக நின்றது. ஒச்சப்பன் கீழே பார்த்துக் குரல் கொடுத்தான்.

பாடை வந்து சேர்ந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. கங்காணி குழியைச் சுற்றிப் பார்த்தார்.

“ஒரு குழிக்கு இம்புட்டு நேரமா? சொவரு வேற கோணலா இருக்கு.”

“பாறைங்க” என்று சடையன் தொடங்கினார்.

“பாறை இல்லீங்க” என்றான் அழகர். மொட்டை அடிக்கத் தலையைக் குனிந்திருந்தான். கத்தி அப்போதுதான் வைக்கப்பட்டது. “அலுங்குங்க. குட்டிக்குப் பால் குடுத்துச்சு. குடிச்சு முடிக்கட்டும்னு இருந்தோம். அண்ணன் சொன்னது நெசம். நாந்தான் புளுகுனேன்.”

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிணத்தின் முன்னால் சிரித்தோமே என்று இருமலாக மாற்றிக்கொண்டான். எந்தப் புளுகு, எப்போது என்று கங்காணிக்கு நினைவிருந்ததாகவே தெரியவில்லை.

“நானும் பாத்தேங்க” என்றார் சடையன்.

“சரி சரி. குடத்த எடு. மழ வருது.”

அழகர் குடத்தைத் தோளில் ஏற்றினான். மூன்று சுற்று. மூன்று ஓட்டை. உடைத்தான்.

மண் தள்ளி முடித்து, ஆண்கள் திரும்பும் வழியில் பீலியில் குளிக்க நின்றார்கள். பாறையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக விழும் தண்ணீர் தை மாதத்தில் எலும்பைக் குத்தும். ஒவ்வொருவராகத் தலையைக் காட்டிவிட்டு ஓடினார்கள். கடைசியில் அழகரும் ஒச்சப்பனும் மட்டும் இருந்தார்கள்.

“அழகரண்ணே.”

“ம்.”

“அது வாயத் தொறந்தப்ப பாத்தேன். பல்லே இல்ல. எப்புடித் திங்கும்?”

“அதுவா, அண்ணங்கிட்டத்தான் கேக்க...”

அழகர் நிறுத்தினான். ஒச்சப்பன் துண்டைப் பிழிந்துகொண்டு பதிலுக்காகக் காத்து நின்றான். அழகர் மொட்டைத் தலையைப் பீலிக்கு அடியில் கொடுத்தான். தண்ணீர் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. வெகுநேரம் அவன் தலையை எடுக்கவில்லை.