அஸ்டட்டைன் கிளம்பும் முன்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. வோல்கா கரையில் என் எதிர்வீட்டுக்காரர் ரினாத், ஆய்வுக்கூடத்தின் மருந்து வண்டியை ஓட்டுகிறவர், உப்பு வெள்ளரியைக் கடித்துக்கொண்டே சொன்னார். உடனே எழுத உட்கார்ந்தேன்.

'பனி கொட்டும் ஒரு காலையில், அஸ்டட்டைன் என்னும் கதிரியக்கத் தனிமம்...'

வேண்டாம். ரஷ்யா என்றாலே பனியா? அன்று வெயில் மண்டையைப் பிளந்ததாம்.

2

பூமி முழுவதையும் சலித்தாலும் அஸ்டட்டைன் ஒரு கைப்பிடி தேறாது. அதனால் பிஸ்மத் உலோகத்தை இயந்திரத்தில் வைத்து அணுத்துகள்களால் மொத்தி உண்டாக்குகிறார்கள். இதை யாரும் கண்ணால் கண்டதில்லை. கண்ணுக்குத் தெரியுமளவு சேர்த்தால் தன் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஏழு மணி நேரத்தில் பாதி காலி. ஆனால் புற்றுக்கட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டை மட்டும் நொறுக்கும், தெருவை எரிக்காது.*

(* புகழ்வது தனிமத்தையா ரவுடியையா என்று கேட்காதீர்கள். எனக்கே குழப்பம்தான்.)

3

இந்த அஸ்டட்டைன் மருந்தைப் பிரித்தெடுக்கும் வேதியியலாளர் ஸினயீதா லிவோவ்னாவை முதலில் சிடுமூஞ்சியாக எழுதினேன். ஒட்டவில்லை. பிறகு தியாகியாக எழுதினேன். [அதைப் படித்தால் அவரே என்னை அடிப்பார்.] பேசவிட்டுப் பார்ப்போம்.

அன்றைய மருந்து ரிம்மாவுக்கு. அக்கார்டியன் வாசிக்கச் சொல்லித்தருகிறவள். தைராய்டில் புற்று, அயோடின் மருந்து கைவிட்டுவிட்டது, இதுதான் மிச்சமிருந்த வழி. அடுத்த நகரத்து மருத்துவமனையில் காத்திருந்தாள்.

மருந்து வைத்த ஈயப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு ரினாத் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க ரினாத்?"

"பயணத்துக்கு முன்னாடி செத்த உக்காரணும், அதான நம்ம ஊர் வழக்கம். உங்க வீட்ல சொல்லித் தரலியா?"

"நீங்க உக்காந்திருக்கற ஒவ்வொரு நிமிஷமும் மருந்து செத்துக்கிட்டிருக்கு."

"உக்காராம போனா வண்டி செத்துரும். போன தடவ நடு ரோட்ல நின்னுச்சே."

"பெட்ரோல் போட மறந்தா நிக்காம பறக்குமா?"

அப்போது ஸினயீதாவின் போன் அடித்தது. ரிம்மா.

"கெளம்பிட்டாங்களாம்மா?"

"இதோ வெரட்டிக்கிட்டிருக்கேன்."

"உக்காந்துட்டுத்தானே கெளம்பறாங்க? அவசரத்துல அப்படியே அனுப்பிடாதீங்க. எனக்கு பயமா இருக்கு."

ஸினயீதா ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, ரிம்மாவும் உட்கார்ந்திருக்கிறாள்.

"மருந்து கொறஞ்சிராதே?" ரினாத் மெல்லக் கேட்டார்.

"கொறையாது. நீங்க உக்காருவீங்கன்னு தெரிஞ்சுதான் அதுக்கும் சேத்து எடுத்தேன்."

"அப்பறம் எதுக்கு சண்ட?"

"சண்ட போடாம அனுப்பினா எனக்கு ராசியில்ல."

போனுக்குள் ரிம்மா சிரித்தாள்.

4

முடிவு ஒன்று: ரிம்மா குணமாகி ஊரே ஆட அக்கார்டியன்... சர்க்கரை தூக்கல்.

முடிவு இரண்டு: வண்டி பாதி வழியில்... இதை எழுதக் கை வரவில்லை.

ரினாத் மீதியைச் சொல்ல வாயெடுத்தார். அவர் வாயில் இன்னொரு வெள்ளரியைத் திணித்துவிட்டேன். பயம்தான், வேறென்ன? எனக்கு ரிம்மாவைப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே என் கதையில் வண்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறது. மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களும் அவர்களோடு கொஞ்சம் உட்காருங்கள். ரொம்ப நேரம் வேண்டாம், மருந்து செத்துக்கொண்டிருக்கிறது. முதலில் எழுந்திருக்க வேண்டியவர் நீங்கள்தான்.